பாளையில் ஒரு விமானப்படைப் பயிற்சி விடுதி: ஓட்டம் முதல் ரோல் கால் வரை

விமானப்படையில் சேர்வதற்கான அக்னிவீர்வாயு தேர்வுக்குப் பாளையங்கோட்டையில் தங்கிப் படிக்க வைக்கும் விடுதி இது. பெயர் வேண்டாம். இங்கே சொல்வதை வைத்து இந்த வட்டாரத்தில் வேறு எந்த விடுதியையும் எடை போட்டுக்கொள்ளலாம்.

ஓட்டப் பயிற்சி நன்று. ஆண்கள் 1.6 கிலோமீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். 400 மீட்டர் தடத்தில் 4 சுற்று, சுற்றுக்கு 105 விநாடி. முதல் சுற்றை 75 விநாடியில் பறந்துவிட்டு மூன்றாவதில் மூச்சு முட்டி நிற்பதால்தான் பலர் தோற்கிறார்கள். இங்கே ஸ்டாப்வாட்ச் வைத்து நான்கு சுற்றையும் 95 விநாடிக்குப் பழக்குகிறார்கள். நெல்லை வெயில் தெரிந்து காலை 5 மணிக்கே தொடங்கிவிடுகிறார்கள். ஆனால் பாதி நாள் ஓட்டம் தார் ரோட்டில்தான். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி வர அதுவும் ஒரு காரணம். பக்கத்திலேயே மண் மைதானம் இருக்க, ரோடு எதற்கு? தண்டால், ஸ்குவாட், எழுத்துத் தேர்வு வகுப்பு எல்லாம் பரவாயில்லை ரகம். தவறான விடைக்குக் கால் மார்க் போகும் என்பதை முதல் மாதிரித் தேர்விலேயே உறைக்க வைக்கிறார்கள்.

இந்த விடுதியைத் தனித்துக் காட்டுவது ‘இன்றைய சீனியர்’ முறை. ஹாலில் 24 கட்டில். தினம் ஒரு பையன் பொறுப்பு. காலை 4.45-க்கு ரோல் கால், அதாவது ஆட்களை எண்ணி மாஸ்டரிடம் கணக்குக் கொடுப்பது, கக்கூஸ் கழுவ, ஹால் கூட்ட, தண்ணீர் டிரம் நிரப்ப ஆள் பிரிப்பது எல்லாம் அவன் வேலை. சாப்பாட்டில் அவன் தட்டு கடைசி. பெலகாவியில் உள்ள விமானப்படைப் பயிற்சிப் பள்ளிக்குப் போனபின் நாளெல்லாம் கூட்டத்தோடுதான் எழ, உண்ண, நிற்க வேண்டியிருக்கும். அதற்கு இதைவிட நல்ல ஒத்திகை கிடையாது. ஆனால் சீனியரை மாஸ்டர்தான் பொறுக்குகிறார், உயரமானவனும் சத்தக்காரனுமே திரும்பத் திரும்ப வருகிறான். கட்டில் எண் வரிசைப்படி விட்டால் வாய் திறக்காத பையனும் தேறுவான்.

பெரிய ஓட்டை வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. ‘வந்தார்’, ‘வரவில்லை’ என இரண்டே கட்டம். ஒருவன் வராவிட்டால் ஹால் முழுவதும் ஒரு சுற்று கூடுதலாக ஓட வேண்டும். பட்டாளத்தில் கூட்டுப் பொறுப்பு உண்டுதான். ஆனால் அங்கே, உடம்புக்கு முடியவில்லை என்று முறைப்படி சொல்லும் ‘சிக் ரிப்போர்ட்’டும் உண்டு. அது இல்லாத இடத்தில் பையன்கள் கால்வலியை மறைத்து ஓடுகிறார்கள், வலி எலும்புக் கீறலாக முற்றினால் வாரக்கணக்கில் படுக்க வேண்டியதுதான். ‘உடல்நலமில்லை’ என்று மூன்றாவது கட்டம் போட்டு, அதை நிரப்புவதைச் சீனியரின் கடமையாக்கினால் போதும். தன் ஆளுக்கு என்ன வலி என்று தெரியாதவன் என்ன சீனியர்?

சாதியைக் காட்டக் கையில் கட்டிய வண்ணக் கயிற்றைச் சேரும் அன்றே கழற்றிவிட வேண்டும் என்பது கறாரான விதி. நம் பக்கத்தில் அதன் அருமை எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும் கட்டில் போடும்போது ராதாபுரத்துப் பையன்கள் ஒரு மூலை, அம்பாசமுத்திரத்துப் பையன்கள் ஒரு மூலை என்று விட்டுவிடுகிறார்கள். கயிறு போயும் கூட்டு போகவில்லை.

குழு விவாதப் பயிற்சி தண்டம். ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள். படைச் சூழலுக்கு ஒத்துப்போவானா என்று பார்க்கும் தேர்வில், அடுத்தவன் சொன்னதைக் கேட்டுப் பதில் சொல்லத் தெரியாதவன் முதல் சுற்றிலேயே மாட்டிக்கொள்வான்.

சாப்பாடு மூன்று வேளையும் நம்மூர் ருசிதான், சனிக்கிழமை சொதி வேறு. ஆனால் வெளியூர்ப் பயிற்சிப் பள்ளிச் சாப்பாட்டுக்கு நாக்கு பழக, வாரம் 3 இரவாவது சப்பாத்தியும் பருப்பும் போட்டுப் பழக்குவது நல்லது. டிரில் மட்டும் இந்தியிலேயே நடக்கிறது. ‘சாவ்தான்’ (விறைப்பாக நில்), ‘விஷ்ராம்’ (இளைப்பாறு), ‘தேஸ் சல்’ (விரைந்து நட) காதில் ஏறிவிடுகிறது.

சேர்க்குமுன் அடுத்தடுத்து இரண்டு நாள் விடியற்காலை 4.45-க்குப் போய் வாசலில் நின்று பாருங்கள், தடுக்க மாட்டார்கள். கணக்குச் சொல்லும் பையன் யார் என்று கவனியுங்கள். மறுநாளும் அதே பையன் நின்றால், அதைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.