வைகைக் கரையில் ஒரு பஞ்சர்

சிங்கப்பூரில் ஞாயிறு தவறாமல் காலாங் ஆற்றோரம் சைக்கிள் மிதிக்கிறவன் நான். அந்தத் திமிரில்தான் இந்தத் தடவை மதுரைக்குப் போனதும் மச்சினன் மகனின் சைக்கிளை எடுத்துக்கொண்டு, காலை ஆறு மணிக்கு ஆரப்பாளையத்திலிருந்து வைகைத் தென்கரைச் சாலையில் கிளம்பினேன்.

ரோடு சமதளம், காற்றும் சுகம். சைக்கிளுக்கென்று தனிப் பாதையெல்லாம் கிடையாது; ஷேர் ஆட்டோ முழங்கையை உரசிக்கொண்டு போகும். சிங்கப்பூர்ப் பூங்கா இணைப்புப் பாதையில் 25 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது என்பதைத் தவிர வேறு கவலை இல்லை. பீஷானில் கான்கிரீட் கால்வாயாகக் கிடந்த காலாங்கை 2012-லேயே வளைந்து நெளிந்து ஓடும் ஆறாக்கிவிட்டார்கள். இங்கே நிஜ ஆற்றில் தண்ணீரைவிடச் சீமைக்கருவேலம்தான் செழிப்பு.

அந்த முள்தான் சிம்மக்கல் பக்கம் பின் டயரில் இறங்கியது.

முதல் கடையில் பையன் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "டியூப்லெஸ் மட்டும்தாண்ணே." இரண்டாவது கடையில், "சைக்கிளா?" என்று ஒரு சிரிப்பு. வாடகை சைக்கிளுக்கு நோட்டில் பேரும் நேரமும் எழுதிவிட்டுச் சுற்றிய ஊரய்யா இது! வெயில் ஏற ஏற உருட்டிக்கொண்டே யானைக்கல் வந்துவிட்டேன்.

அங்கே ஒரு சந்தில், பழைய டயர் மாலைக்குக் கீழே பெரியவர் ஒருவர். டியூபை உருவிக் காற்றடித்துத் தண்ணீரில் முக்கினார். குமிழி வந்த இடத்தைத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, வாயால் ஊதினார்.

"புது டியூபே போட்டுருங்கண்ணே" என்றேன். சிங்கப்பூர்ப் பழக்கம்.

"எதுக்கு? இன்னும் பத்து ஒட்டு தாங்கும்."

ஒட்டு காய்வதற்குள் டயரின் உள்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நின்றார். கொறடால் இன்னொரு முள்ளைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார். "இதோட போயிருந்தீங்கன்னா ஏ.வி. பாலத்துக்கிட்ட மறுபடி உருட்டணும் தம்பி."

நான் நீட்டிய ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை இல்லை. ஜிபே அட்டையைக் காட்டினார். என் சிங்கப்பூர் போனில் அது வேலை செய்யவில்லை. உலகம் சுற்றியவன் முப்பது ரூபாய்க்கு முழித்துக்கொண்டு நின்றேன்.

"போங்க தம்பி, நாளைக்குக் குடுங்க."

மறுநாள் சில்லறையோடு அதே ஆற்றோரமாகப் போனேன். சிம்மக்கல் தாண்டுவதற்குள் முன் டயர் போச்சு.