வீட்டுக்கே வரும் அலைனர்: மூன்று மாதச் சம்பளம் போனது, கடிப்பும் கெட்டது

நேற்று இரவு வந்த கடைசி பதில் இது: "உங்களுக்கென்றே செய்த பொருள், பணம் திரும்பத் தர முடியாது." ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். சொன்னது, மருத்துவரை நேரில் பார்க்கவே வேண்டாம், பார்சலில் அலைனர் (பற்களை நேராக்க மாட்டிக்கொள்கிற பிளாஸ்டிக் உறை) வரும் என்று விற்கிற ஓர் இணைய நிறுவனம். பணம் மொத்தமும் முன்கூட்டியே. மூன்று மாதச் சம்பளம். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

முதலில் பல்லின் அச்சு எடுக்கும் பெட்டி வரும். உள்ளே மாவு மாதிரி இரண்டு நிறப் பசை. சம அளவு எடுத்து, கோடுகள் மறைந்து ஒரே நிறமாகும்வரை சட்டென்று பிசைந்து, அச்சுத் தட்டில் வைத்துப் பல்லில் அழுத்தி, இறுகும்வரை அசையாமல் பிடிக்க வேண்டும். லேடெக்ஸ் கையுறை போட்டுப் பிசைந்தால் அதிலுள்ள கந்தகம் பசையைச் சரியாக இறுக விடாது. பெட்டியில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. கடைசிக் கடைவாய்ப் பல் பாதிதான் பதிந்திருந்தது, ஈறோரம் இழுபட்டிருந்தது. போட்டோ அனுப்பினால் பத்தே நிமிடத்தில் "சூப்பர், ஓகே" என்று பதில்.

நம்ப வைத்தது, பற்கள் எப்படி நகரும் என்று நிறுவனம் காட்டிய வீடியோதான். கோணல் பற்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து வரிசைக்கு வரும். பார்த்த கையோடு பணம் கட்டத் தோன்றும். ஆனால் அதில் இருப்பது வெளியே தெரிகிற பல்முடி மட்டும். வேர் எவ்வளவு நீளம், அதைச் சுற்றி எலும்பு எவ்வளவு மிச்சம், அடியில் சீழ் கட்டியிருக்கிறதா என்பதெல்லாம் எக்ஸ்ரேயில்தான் தெரியும். எக்ஸ்ரே எடுக்கச் சொல்லவே இல்லை. திட்டத்தைப் போட்ட மருத்துவர் பெயர் என்ன என்று கேட்டால் "எங்கள் நிபுணர் குழு" என்கிறார்கள்.

கீழ் முன்பற்கள் நெருக்கியடித்து நின்றால் அவற்றை நேராக்க இடம் வேண்டும். பற்களுக்கு நடுவே எனாமலை மெல்லியதாக, ஓர் இடுக்கில் அரை மில்லிமீட்டருக்குள், இழைக்கலாம். வரிசையை அகலப்படுத்தலாம். ஒரு பல்லை எடுக்கலாம். இதெல்லாம் இல்லையென்றால் முன்பற்களை வெளியே சாய்ப்பதுதான் மிச்சம். இழைப்பதற்கு ஆள் வேண்டும். ஆளே இல்லாத நிறுவனம் சாய்த்துவிட்டது. இப்போது வாயை மூடினால் முன்பற்கள் முதலில் முட்டுகின்றன. போதாததற்கு, ஒரு நாளில் 22 மணி நேரம் நடுவில் கிடக்கிற பிளாஸ்டிக், கடைவாய்ப் பற்களை ஈறுப் பக்கமாக உள்ளே அழுத்திவிடுகிறது. கடைவாயில் ஒரு காகிதத் துண்டை வைத்துக் கடித்து இழுத்தால், இரண்டு பக்கமும் வழுக்கிக்கொண்டு வருகிறது, அதாவது அங்கே மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேரவில்லை. கீழே ஒரு வெட்டுப்பல்லில் ஈறு இறங்கி வேர் தெரிகிறது. மூன்று மாதச் சம்பளத்துக்குக் கிடைத்தது இது!

கோரைப்பல்லும் திரும்பவில்லை. உருண்டையான பல்லைத் திருப்ப, பிளாஸ்டிக்குக்குப் பிடிமானமாக அதன் மேல் சின்ன மேடு ஒட்ட வேண்டும். அதற்கும் நேரில் ஆள் வேண்டும். ஐந்தாவது டிரேயிலேயே (ஒன்றன்பின் ஒன்றாக மாட்டுகிற அலைனர்தான் டிரே) பல் நுனிக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே இடைவெளி தெரிந்தது. ஒரு டிரே பல்லை நகர்த்துவது ஏறக்குறைய கால் மில்லிமீட்டர்தான். ஒன்றில் பின்தங்கிய பல், அடுத்தடுத்த டிரேயில் இன்னும் பின்தங்கும். அங்கேயே நிறுத்தி மறுபடி அச்சு எடுத்திருக்க வேண்டும்.

கேட்டதற்கு முதல் பதில்: "மெல்லும் ரப்பரைக் கடித்துக்கொண்டே இருங்கள்." அடுத்து: "அதே டிரேயை இன்னும் ஒரு வாரம் போடுங்கள்." பிறகு: "போட்டோ தெளிவாக இல்லை." பிறகு: "நீங்கள் 22 மணி நேரம் போடவில்லை." ஒவ்வொரு முறையும் வேறு பெயரில் ஆள், முதலிலிருந்து கதை. கடைசியில் ஒப்புதல் படிவத்தைக் காட்டினார்கள்: கடிப்பைச் சரிசெய்வது இந்தச் சிகிச்சையில் அடங்காதாம். மூன்று மாதச் சம்பளத்தை வாங்கும்போது வாயில் வராத வரி அது.

விரிவாக எழுத இப்போது கை ஓடவில்லை. எக்ஸ்ரேயும் ஈறு பரிசோதனையும் இல்லாமல் அச்சு எடுக்க விடாதீர்கள். மருத்துவர் பெயரும் பதிவு எண்ணும் வாங்குங்கள். கடைவாய் எப்படிக் கடிக்கும் என்று திட்டத்தில் காட்டச் சொல்லுங்கள். முழுப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள். ஏற்கெனவே மாட்டியிருந்தால் அடுத்த டிரேக்குப் போகாமல், எல்லா டிரேயையும் எடுத்துக்கொண்டு பல் சீரமைப்பு நிபுணரை நேரில் பாருங்கள். பழைய டிரே, பெட்டி லேபிள், சாட் ஸ்க்ரீன்ஷாட் எதையும் தூக்கிப் போடாதீர்கள், புகார் கொடுக்க அதுதான் ஆதாரம்.