கப்பல் மெடிக்கல்: பாரிமுனை கிளினிக் எப்படி?

கப்பல் இன்ஜின் அறையில் மோட்டார்மேன் வேலை எனக்கு. இந்த முறை மெடிக்கலை சென்னை பாரிமுனைப் பக்கம் ஒரு சின்ன கிளினிக்கில் எடுத்தேன். டாக்டர், கப்பல் துறையைக் கவனிக்கும் மத்திய அரசு அலுவலகமான டி.ஜி. ஷிப்பிங்கின் அங்கீகாரம் பெற்றவர். எங்கே போவதானாலும் முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே எல்லாம் மளமளவென்று முடிந்தன. காது சோதனையைத்தான் சொல்ல வேண்டும். சத்தம் புகாத அறையில் ஹெட்போன் மாட்டி, ஒலி கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். அப்புறம் டாக்டர் வரைபடத்தை எடுத்து, 4000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு லேசாக இறங்கியிருப்பதைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். "இன்ஜின் சத்தம்தான் தம்பி. இப்போதைக்கு ஃபிட்தான். ஆனா போன கேட்கும் திறன் திரும்ப வராது, இயர்மஃப் இல்லாம கீழே இறங்காதீங்க" என்றார். முத்திரை குத்தி அனுப்பும் இடங்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். இவர் உட்கார வைத்துப் பேசியது பெரிய விஷயம்.

டெக் வேலைக்குப் போகும் பையன் ஒருவன், நிறப்பார்வையைச் சோதிக்கும் இஷிஹாரா புத்தகத்தில் எண் தெரியாமல் தடுமாறியபோதும் அதட்டவில்லை; ஜன்னல் வெளிச்சத்துக்கு அழைத்துப்போய் மறுபடி காட்டினார்.

குறை என்றால் காத்திருப்பு. சர்க்கரை சோதனைக்காக வெறும் வயிற்றோடு வந்தவர்களை முதலில் அழைக்கலாம். கம்பெனி கேட்கும் கூடுதல் சோதனைகளுக்கான கட்டணத்தையும் முன்பே சொல்லலாம்.

சான்றிதழ் 2 ஆண்டு செல்லும், 18 வயதுக்குக் கீழ் என்றால் 1 ஆண்டுதான். பாஸ்போர்ட், சி.டி.சி. (கப்பல் பணியாளருக்கான அடையாளப் புத்தகம்), கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடி, மூன்றையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.