எதிர்வினை மூட்டுவாதத்துக்கு எந்த பயோலொஜிக் ஊசி?

வயிற்றோட்டம் நின்று இரண்டு மூன்று கிழமையில் முழங்கால் வீங்கி, குதிக்காலை நிலத்தில் ஊன்ற முடியாமல் போகிறதா? சல்மொனெல்லா, ஷிகெல்லா போன்ற வயிற்றுக் கிருமிகளோ, பாலுறவில் தொற்றும் கிளமிடியாவோ கிளப்பிவிட்ட எதிர்வினை மூட்டுவாதமாக இருக்கலாம். பலருக்கு ஆறு மாதத்தில், மிஞ்சினால் ஒரு வருடத்தில் அடங்கிவிடும். அதுவரை நோவையும் வீக்கத்தையும் தணிக்கும் நப்ரொக்சன் வகை மாத்திரை, மூட்டுக்குள் ஸ்டீரொயிட் ஊசி, இழுபட்டால் சல்பாசலசின். வெள்ளவத்தையில் டொக்டரைச் சனல் பண்ணிய முதல் நாளே "விலை கூடின ஊசியையே போடுங்கோ" என்பது வீண் அவசரம். அந்த ஊசிகள்தான் பயோலொஜிக், அதாவது உயிரணுக்களைக் கொண்டு தயாரிக்கும் மருந்துகள். டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் எடனர்செப்ட், அடாலிமுமாப், இன்பிளிக்சிமாப் என்ற மூன்றுக்கும் இந்த நோயில் பெரிய ஆய்வுகள் இல்லை. முதுகெலும்பு வாதத்தில் கண்ட பலனை நம்பித்தான், வேறெதற்கும் மசியாதவர்களுக்குக் கொடுக்கிறார்கள்.

எடனர்செப்ட் கிழமைக்கொரு ஊசி. உடம்பை விட்டுக் கெதியாக நீங்கும். இடையில் கடும் காய்ச்சல் வந்து நிறுத்த நேர்ந்தால் அது பெரிய வசதி. காசநோய் கிளம்பும் ஆபத்தும் மற்ற இரண்டையும்விடக் குறைவு. ஆனால் கண் சிவந்து நோகும் யூவைட்டிஸ் திரும்பத் திரும்ப வருபவருக்கும், குடல் அழற்சி உள்ளவருக்கும் இது சரிப்படாது. அவர்களுக்கு அடாலிமுமாப், இரண்டு கிழமைக்கொருதரம் 40 மில்லிகிராம். வேலைக்குப் போகிறவருக்கும் இதுதான் தோது என்பேன்.

இரண்டுக்கும் பிரிட்ஜ் வேண்டும், 2 முதல் 8 பாகைக்குள். வெளியே சில நாள் வைக்கலாம் என்று பெட்டியில் இருக்கும், ஆனால் 25 பாகைக்கு மேற்படாமல். கொழும்பில் ஏசி இல்லாத அறையில் அது நடக்கிற காரியமா? ஐஸ் கட்டியோடு ஒட்டி உறைந்த ஊசியை, இளகின பிறகும் போடக்கூடாது.

இன்பிளிக்சிமாப்புக்கு அந்தக் கரைச்சல் இல்லை. ஆஸ்பத்திரியிலேயே இரண்டு மணித்தியாலம் சேலைனாக ஏற்றுவார்கள். முதலில் 0, 2, 6ஆம் கிழமைகளில், பிறகு ஆறு முதல் எட்டுக் கிழமைக்கொருதரம். ஏற்றும்போதே ஒவ்வாமை வரலாம், லீவும் போகும். கண்ணோ குடலோ மோசமாக இருந்தாலொழிய இதை நான் கடைசியில்தான் வைப்பேன்.

மூன்றில் எதுவானாலும், முதலில் நெஞ்சு எக்ஸ்ரே, ஹெப்படைட்டிஸ் பி, காசநோய்ச் சோதனை. பிறந்தவுடன் பிசிஜி போட்ட நமக்கு மன்டூ என்ற காசநோய்த் தோல் சோதனையில் ஊசி போட்ட இடம் வீங்கினாலே காசநோய் என்றாகாது. காசநோய்க்கான இரத்தச் சோதனையும் கேளுங்கள். உறங்கும் காசநோய் இருந்தால், அதற்கான மருந்தை ஒரு மாதமாவது விழுங்கிய பிறகே முதல் ஊசி.