தலையில் அடிபட்ட கபடிக்காரனின் ரிவ்யூ: டெஸ்டுக்குப் போங்க, பேக்கேஜுக்கு யோசிங்க

தலையில் அடிபட்டவர்களுக்கு டெஸ்டும் சிகிச்சையும் செய்கிற ஒரு சென்டருக்குப் போய்வந்தேன், அதன் பெயரைப் போடப்போவதில்லை. அண்ணா நகர் பக்கம், இரண்டாவது மாடி, ஏசி ஜில்லென்று இருக்கும், அவ்வளவு போதும். பாதி திட்டப்போகிறேன், பாதி புகழப்போகிறேன், பெயர் போட்டால் இரண்டுமே வில்லங்கம்.

நான் கிளப் அளவில் கபடி ஆடுகிறவன், ரைட் கார்னர். டிசம்பரில் திருவொற்றியூர் பக்கம் ஒரு நைட் மேட்ச்சில் ரெய்டர் போனஸுக்குக் காலை நீட்ட, நான் கணுக்காலைப் பிடிக்க விழ, அவன் முழங்கால் நேராக என் நெற்றிப்பொட்டில் இறங்கியது. மயக்கமெல்லாம் இல்லை. எழுந்து நின்று ஸ்கோர் என்ன என்று மூன்று தடவை கேட்டேனாம், எனக்கு ஞாபகமே இல்லை, பசங்க சொல்லித்தான் தெரியும். முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு மீதி ஏழு நிமிடமும் ஆடினேன். 2020-ல் கான்பெராவில் நம்ம ஜடேஜா ஹெல்மெட்டில் அடி வாங்கி, தலையில் அடிபட்டவருக்கு மாற்று ஆள் என்ற விதியில் அவருக்குப் பதில் சாஹல் இறங்கி 3 விக்கெட் எடுத்தபோது ‘நல்லா கதை விட்டாங்கடா நம்மாளுங்க’ என்று டீக்கடையில் சிரித்தவர்களில் நானும் ஒருத்தன். இப்போது சிரிப்பு வரவில்லை.

மறுநாள் எடுத்த சிடி ஸ்கேன் நார்மல். சரி, ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டேன். சிடி பார்ப்பது ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும்தான், கன்கஷன், அதாவது அடியின் அதிர்ச்சியில் மூளையின் வேலை தற்காலிகமாகக் குழம்புவது, அதில் தெரியாது என்பது யாரும் எனக்குச் சொல்லாத விஷயம். மூன்று வாரம் ட்யூப்லைட்டைப் பார்த்தால் கண் கூசும், அம்மா மிக்ஸி போட்டால் எரிச்சல், எக்ஸெல் ஷீட்டில் இரண்டாவது வரிக்குப் போவதற்குள் முதல் வரி மறந்துவிடும், ராத்திரி மூன்று மணி நேரம் தூங்கினால் பெரிய விஷயம். (திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, ஒரு கண்மணி மட்டும் பெரிதாவது, எழுப்ப எழுப்பத் தூங்கிக்கொண்டே இருப்பது, இதெல்லாம் வந்தால் இந்த மாதிரி சென்டருக்கு அப்பாயின்ட்மென்ட் போடாதீர்கள், நேரே ஜி.எச். கேஷுவாலிட்டிக்கு ஓடுங்கள்.)

முதல் நாள் டெஸ்டுக்கு 6,500 ரூபாய், கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். இதுதான் அங்கே உருப்படியான பகுதி. தலைவலி, குமட்டல், எரிச்சல் என்று 22 தொந்தரவுகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை நாமே மார்க் போடவேண்டும், மொத்தம் 132. நான் 51 போட்டேன். அப்புறம் பத்து வார்த்தை சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள், எண்களைத் தலைகீழாக, மாதங்களை டிசம்பரிலிருந்து பின்னோக்கி. பங்குனி, மாசி, தை என்று சொல்லலாமா மேடம் என்றேன், சிரித்தார், ஆனால் இங்கிலீஷில்தான் சொல்ல வைத்தார். கம்ப்யூட்டரில் வைத்த ஞாபகசக்தி டெஸ்டும் முழுக்க இங்கிலீஷ். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியத்தில் படித்தவனுக்கு மார்க் குறைந்தால் அது அடிபட்டதாலா, இங்கிலீஷாலா? அடிபடுவதற்கு முன்னால் நாம் எடுத்த ஸ்கோர் ஒன்று கையில் இருந்தால் அதோடு ஒப்பிடலாம், எந்த ஊர் கபடி கிளப்பில் அது இருக்கிறது? அதனால் என் வயதுக்காரர்களின் சராசரியோடு ஒப்பிட்டார்கள். எந்த ஊர் வயதுக்காரர்கள் என்று கேட்டேன், பதில் மழுப்பலாக வந்தது.

மொழி தேவைப்படாத டெஸ்டுகள்தான் என்னைக் காப்பாற்றின. பேனா முனையை மூக்கை நோக்கிக் கொண்டுவருவார்கள், இரண்டாகத் தெரியும்போது சொல்லவேண்டும். 5 சென்டிமீட்டருக்குள் வரைக்கும் ஒன்றாகத் தெரிந்தால் சரி, எனக்கு 13-லேயே இரண்டாகிவிட்டது. எக்ஸெல் ஷீட் ஏன் மிதக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அப்புறம் டிரெட்மில். பஃபலோ டெஸ்ட் என்கிறார்கள், வேகம் மாறாது, நிமிடத்துக்கு நிமிடம் ஏற்றம் மட்டும் கூடும், தொந்தரவு அதிகமாகிற இடத்தில் நிறுத்தி நாடித்துடிப்பைக் குறித்துக்கொள்வார்கள். எனக்கு 142-ல் மண்டை இடிக்க ஆரம்பித்தது. அதில் 80 முதல் 90 சதவீதம், அதாவது 114-க்கும் 128-க்கும் இடையில் இருக்கிற மாதிரி தினம் 20 நிமிடம் வேகமாக நட என்றார் பிசியோ. நான் அதுவரை இருட்டறையில் படுத்தே கிடந்தேன். முதல் ஓரிரு நாள் ஓய்வு, அப்புறம் மெதுவாக உடம்பை அசைக்கவேண்டும் என்பதுதான் இப்போதைய மருத்துவம். அடிபட்ட பள்ளிப் பிள்ளைகளை வைத்து 2019-ல் வந்த ஆய்வு ஒன்றில் இப்படி நடந்தவர்கள் 13 நாளிலும், வெறும் ஸ்ட்ரெச்சிங் செய்தவர்கள் 17 நாளிலும் தேறினார்கள்.

இப்போது ஈஈஜி கதை, அதாவது மூளை அலைகளைப் பதிவு செய்கிற டெஸ்ட். தலையில் 19 இடத்தில் பசை தடவி கம்பி ஒட்டுவார்கள். எண்ணெய் வைக்காமல் வரச்சொல்லி மெசேஜ் அனுப்பியிருந்தார்கள், நான் பார்க்கவில்லை, அம்மா வழக்கம்போல ஒரு கை தேங்காய் எண்ணெய் வைத்து அனுப்பிவிட்டார், அங்கேயே வாஷ்பேசினில் தலையைக் கழுவ வைத்தார்கள். பல்லைக் கடித்தால் கோடு எகிறும், கண் சிமிட்டினால் எகிறும், வெளியே மெட்ரோ வேலை டமடம என்று நடக்கும்போது நான் இரண்டும் செய்தேன். கடைசியில் சிவப்பும் நீலமுமாக மூளைப் படம் ஒன்றை பிரின்ட் போட்டுக் கொடுத்து, முன்பக்கம் தீட்டா என்கிற மெதுவான அலை அதிகம், அதைக் குறைக்க நியூரோஃபீட்பேக், அதாவது மூளை அலையைத் திரையில் காட்டிப் பழக்குகிற பயிற்சி, 20 சிட்டிங் வேண்டும் என்றார்கள். மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு வந்தவனுக்குத் தூக்கக் கலக்கத்தில் தீட்டா ஏறத்தானே செய்யும்! இந்த மாதிரி ஈஈஜி வரைபடத்தை வைத்து கன்கஷன் பிரச்சினைகளைக் கண்டறிவதை அமெரிக்க நரம்பியல் அகாடமி 1997-லேயே பரிந்துரைக்கவில்லை. கலர் படம் கையில் வந்ததும் அதெல்லாம் யாருக்கு ஞாபகம் வரும், எனக்கும் வரவில்லை, தலையாட்டினேன்.

சிட்டிங் ஒன்றுக்கு 1,500. திரையில் ஒரு விமானம், 12 முதல் 15 ஹெர்ட்ஸ் அலை கூடினால் மேலே போகும், தீட்டா கூடினால் இறங்கும். அரை மணி நேரம், எதையும் செய்யாமல் செய்யவேண்டிய வேலை. முயற்சி பண்ணினால் விமானம் விழும், விட்டுவிட்டால் பறக்கும். இந்த வித்தையை 1960-களில் அமெரிக்காவில் ஸ்டெர்மன் என்பவர் முதலில் பூனைகளுக்குத்தான் பழக்கினார். பூனைக்குப் பால் கிடைத்தது, எனக்கு விமானம். குறையே சொல்லக்கூடாது, நான்காவது சிட்டிங்கிலிருந்து தூக்கம் வந்தது. ஆனால் அதே நாட்களில் தினமும் நடந்துகொண்டிருந்தேன், பேனாவை வைத்து கண் பயிற்சி செய்துகொண்டிருந்தேன், அடிபட்டும் ஐந்து வாரம் ஆகியிருந்தது. எது வேலை செய்தது? தெரபிஸ்டிடமே கேட்டேன். “எதனாலன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது தம்பி” என்றார். அந்த நேர்மைக்காகவே அவருக்கு ஐந்து ஸ்டார். பெங்களூரு நிம்ஹான்ஸில்கூட தலைக்காயக்காரர்களுக்கு இதைக் கொடுத்து ஆய்வு செய்திருக்கிறார்கள், ஏமாற்று வேலை என்று நான் சொல்லவில்லை, கன்கஷனுக்கு இது வேலை செய்யும் என்று நிற்கிற அளவுக்குப் பெரிய ஆதாரம் இன்னும் வரவில்லை என்கிறேன்.

கோபம் வந்தது ரிசப்ஷனில். எட்டு சிட்டிங்கோடு நிறுத்துகிறேன் என்றதும், “இருபது முடிக்கலைன்னா பழையபடி வந்துடும் சார், இப்பவே இருபதுக்கும் மொத்தமா கட்டினா 27,000 தான்” என்று ஒரு பெண் மனப்பாடமாகச் சொன்னார். பயமுறுத்தி வாங்குகிற பணம் இது. கட்டவில்லை. நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது, எதுவும் திரும்பி வரவில்லை.

மறுபடி ஆட்டத்துக்குத் திரும்ப பிசியோ கொடுத்த ஆறு படி அட்டவணை ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம், உடம்பு மோதுகிற பயிற்சி டாக்டர் சரி சொன்ன பிறகுதான். தாள் இங்கிலீஷில் இருந்ததால் கோச்சுக்காக நானே தமிழில் எழுதிக் கொடுத்தேன். “இதுக்கா ஆறாயிரம்?” என்றார் மனுஷன். இதுக்குத்தான்ணே.

போகிறவர்கள் காலை முதல் ஸ்லாட் வாங்குங்கள், மெட்ரோ சத்தம் குறைவு, பைக் நிறுத்தவும் இடம் கிடைக்கும். ரசீதைக் கேட்டு வாங்குங்கள், கேட்காமல் தரமாட்டார்கள். அந்தப் பசை ஒரு ஷாம்பு பாக்கெட்டில் போகாது, இரண்டு எடுத்து வையுங்கள்.