ஸ்பானிஷ் பண்பாட்டுப் பட்டப்படிப்பு: மருந்துக்கடை வேலைக்கு நடுவே நான்கு வருடம்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், சான் அன்டோனியோவில் ஒரு மருந்துக்கடையில் டெக்னீஷியனாக இருக்கிறேன். சொந்த ஊர் நாகர்கோவில், அங்கே படித்தது பி.ஃபார்ம். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு பாட்டி ரத்த அழுத்த மாத்திரை வாங்க வந்தார். லேபிளில் மற்றதெல்லாம் ஸ்பானிஷில் இருக்க, 'ஒரு தடவை' என்பது மட்டும் ஆங்கிலத்தில் நின்றுவிட்டது. நாம் 'வன்ஸ்' என்று படிக்கிற அந்த நான்கு எழுத்தை ஸ்பானிஷில் 'ஒன்ஸே' என்று படிப்பார்கள். பொருள் 11. பாட்டி பத்து விரலையும் விரித்துக் காட்டி, இன்னொரு விரலையும் சேர்த்து நீட்டி, "ஒரே நாளிலா?" என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். அவர் கேட்டதால் தப்பித்தோம். அன்று ராத்திரிதான் மாலை வகுப்புகள் தேட ஆரம்பித்தேன்.

மொழி மட்டும் கற்றுக்கொள்ள எத்தனையோ வழி இருக்கிறது. நான் சேர்ந்தது ஒரு கல்லூரியின் பல்துறைப் பட்டப்படிப்பு. முதன்மைப் பாடத்துக்கு 36 கிரெடிட், அதாவது 12 பாடங்கள்: மொழி, வரலாறு, மானிடவியல், இலக்கியம், நிலமும் நீரும். பருவத்துக்கு ஒன்று இரண்டாக எடுத்து நான்கு வருடத்தில் முடித்தேன்.

மொழி வகுப்பில் நம் ஆட்களுக்குத் தனி அனுகூலம் உண்டு. 'எனக்குப் பிடிக்கும்', 'எனக்குத் தலை வலிக்கிறது' என்று நாம் சொல்வதுபோலவே அவர்களும் 'மே குஸ்தா', 'மே துயேலே லா கபேசா' என்கிறார்கள். கூடப் படித்த அமெரிக்கப் பிள்ளைகள் 'நான்' என்று தொடங்கித் தொடங்கித் திணறினார்கள். பெரியவர்களிடம் 'உஸ்தெத்', நெருங்கியவர்களிடம் 'து' என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 'பெரோ' என்றால் 'ஆனால்', 'பெறோ' என்றால் நாய். கரையையும் கறையையும் பிரித்துச் சொல்கிற ஊர்க்காரி எனக்கு அது ஒரு வகுப்பிலேயே வந்துவிட்டது.

ஆனால் காசுக்குத் தகுந்த படிப்பு என்று என்னை உணரவைத்தது மருத்துவ மானிடவியல்தான். மெக்சிகோக் குடும்பங்களில் குழந்தைக்கு வயிறு உப்பி, சாப்பிட மறுத்தால் 'எம்பாச்சோ' என்பார்கள். நம் ஊரில் மாந்தம் என்று சொல்வதற்கு ரொம்பப் பக்கத்தில் வருகிறது. அதற்குக் கொடுக்கிற கைமருந்துகளில் கிரேத்தா, அசார்கோன் என்று இரண்டு பொடிகள் உண்டு. இரண்டுமே ஈயச் சேர்மங்கள், குழந்தையின் மூளையைக் கெடுக்கக்கூடியவை. "நாட்டு மருந்து ஏதாவது கொடுத்தீர்களா?" என்று அதட்டலாகக் கேட்டால் எந்த அம்மாவும் இல்லை என்றுதான் சொல்வாள், "எம்பாச்சோவுக்கு என்ன கொடுத்தீர்கள்?" என்று கேளுங்கள் என்றார் புரொபசர். சில மாதம் கழித்துக் கடையில் ஓர் இளம் தாயிடம் அப்படியே கேட்டேன். சட்டென்று கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துக் காட்டினாள். மஞ்சள் பொடி. உடனே எங்கள் ஃபார்மசிஸ்டைக் கூப்பிட்டேன். அவர் பேசி, குழந்தையின் ரத்தத்தில் ஈயம் பார்க்க அன்றே டாக்டரிடம் அனுப்பினார்.

அதே வகுப்பில் 'மால் தே ஓஹோ' வந்தது. கண்பட்டதற்கு முட்டையால் உடம்பைத் தடவி, அதைத் தண்ணீரில் உடைத்து ஊற்றிப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவோம் என்றேன். அந்த மிளகாயே இந்தக் கண்டத்திலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியாக உங்களிடம் வந்ததுதானே என்றார் புரொபசர். அன்று முழுக்க அதுவே மனதில் ஓடியது.

அப்புறம் நீர்ப் பாடம். ஒரு சனிக்கிழமை காலை எஸ்பாதா மிஷன் பக்கம் கூட்டிப்போனார்கள். மிஷன் என்றால் ஸ்பானியப் பாதிரியார்கள் மதம் பரப்ப அமைத்த குடியிருப்பு. 1740-களில் கட்டிய கல் வாய்க்கால் ஓர் ஓடைக்கு மேலே வளைவுகளில் ஏறிப் போகிறது, இன்றும் தண்ணீர் ஓடுகிறது. பார்த்ததும் எனக்கு மாத்தூர் தொட்டிப்பாலம்தான். அதைவிட மிகச் சிறியது, ஆனால் வேலை அதேதான். வாய்க்காலுக்கு இங்கே பெயர் 'அசேக்கியா', அரபுச் சொல். 711-இல் ஸ்பெயினுக்குள் வந்த முஸ்லிம்களின் பாசன அறிவு, பிரான்சிஸ்கன் பாதிரியார்கள் வழியாக டெக்சாஸ் வரை வந்திருக்கிறது. மண்ணை வெட்டியது மிஷனில் இருந்த பூர்வகுடிகள். பாசன நிலத்தைச் சீட்டுப் போட்டுப் பிரித்ததால் வயலுக்கே 'சுயெர்த்தே' என்று பெயர், அதாவது அதிர்ஷ்டம். மொழி, மதம், விவசாயம், யாருடைய உழைப்பு என்பதெல்லாம் ஒரே வாய்க்காலில் தெரிந்தது. கையை நனைத்துக்கொண்டு அங்கேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

குறைகளும் சொல்லியாக வேண்டும். இலக்கியத்தில் ஸ்பெயின் நாட்டுக்கே மூன்று பாடம், கியூபாவும் போர்ட்டோ ரிக்கோவும் ஓரத்தில். ஸ்பானிஷை ஆட்சிமொழியாகக் கொண்ட ஆப்பிரிக்க நாடான எக்குவடோரியல் கினி ஒரு தடவைகூடப் பேசப்படவில்லை. பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் நடுவே 1565 முதல் 1815 வரை ஸ்பானிய வணிகக் கப்பல்கள் போய்வந்தன. ஆசியாவிலிருந்து வந்த எனக்கு அது ஒரு முழுப் பருவத்துக்கான விஷயம், கிடைத்ததோ ஒரே ஒரு விரிவுரை. பெரிய வருத்தம் ஆலோசகர் விஷயத்தில்: ஒரு வரலாற்றுப் பாடம் கணக்கில் சேரும் என்று சொல்லி எடுக்கவைத்தார், சேரவில்லை. ஒரு பருவமும் அதற்குக் கட்டிய பணமும் போயிற்று. எதையும் மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசி வருட ஆய்வுக்கு மருந்து லேபிள்களையே எடுத்துக்கொண்டேன். குழப்பம் தரும் சொற்களையும் சரியான ஸ்பானிஷையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிய ஒரு தாள். முதல் வரி, 'உனா வேஸ் அல் தியா', ஒரு நாளைக்கு ஒரு தடவை. இப்போது கவுண்டருக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது.

ஆஸ்பத்திரி, பள்ளி, நீதிமன்றம் என்று ஸ்பானிஷ் பேசும் மக்களோடு வேலை செய்கிறவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். டூர் போக நாலு வார்த்தை போதும் என்றால் இவ்வளவு செலவு வேண்டாம். சேர்வதானால் நீர்ப் பாடம் எந்தப் பருவத்தில் என்று முதலில் கேளுங்கள், அது இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் வருகிறது.