எண்பது பரிசோதனைகள், ஒரு கேள்வி கூட இல்லை: வீடு தேடி வரும் முழு உடல் பரிசோதனை

அக்காவின் மகன் துபாயில் இருக்கிறான். அங்கிருந்தபடியே கைபேசிச் செயலியில் மூன்று பேருக்கு முழு உடல் பரிசோதனைக்குப் பணம் கட்டிவிட்டான். அக்காவுக்கு வயது 72, அத்தானுக்கு 76, மூன்றாவது அவன் மனைவி. ஆளுக்கு ரூ.1,799. '80-க்கும் மேற்பட்ட பரிசோதனைகள், மருத்துவர் ஆலோசனை இலவசம்' என்று விளம்பரம். நான் அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் நுட்புநராக இருந்து ஓய்வு பெற்றவள். பாளையங்கோட்டையில் எங்கள் சொந்தக்காரர்கள் யாருக்கு ரிப்போர்ட் வந்தாலும் அது முதலில் என் வாட்ஸ்அப்புக்குத்தான் வரும். இந்த மூன்றும் அப்படித்தான் வந்தன. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரத்தம் எடுக்க வந்த பையன் சொன்ன நேரத்துக்கு, காலை ஆறரைக்கு, வந்திருக்கிறான். கையுறை போட்டிருந்தான், ஊசி உறையை அவர்கள் கண் முன்னால்தான் பிரித்தான். அத்தானுக்கு நரம்பு கிடைப்பது லேசில்லை, ஆனாலும் ஒரே குத்தில் எடுத்துவிட்டான். மூன்று ரிப்போர்ட்டும் அன்று இரவே வந்துவிட்டன. இதே பரிசோதனைகளைத் தனித்தனியாகச் செய்தால் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். விலையில் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

அந்த 80 என்ற எண்ணிக்கையைப் பற்றிச் சொல்ல இருக்கிறது. ஊதா மூடிக் குழாயில் எடுத்த ஒரே ரத்தத்தை இயந்திரத்தில் ஒரு முறை செலுத்தினால் ஹீமோகுளோபினில் தொடங்கி இருபது வரிகளுக்கு மேல் தானாகவே வரும். அது இருபது பரிசோதனைகள் என்று கணக்காகிறது. கொழுப்புப் பகுதியில் 'கெட்ட கொழுப்பு' எனப்படும் எல்.டி.எல். அளக்கப்படவே இல்லை. மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து 'நல்ல கொழுப்பு' எனப்படும் எச்.டி.எல்.-ஐயும், டிரைகிளிசரைடு என்ற இன்னொரு கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துப் போட்டிருக்கிறார்கள். 1972-லிருந்து புழக்கத்தில் உள்ள சூத்திரம்தான். டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டாதவரை தவறில்லை. ஆனால் கழித்தல் கணக்கும் ஒரு பரிசோதனை, அதற்கடுத்த வகுத்தல் கணக்கு இன்னொரு பரிசோதனை என்றால், எண்பது என்ன, நூறு கூடக் காட்டலாம்.

பரிசோதனைகளின் எண்ணிக்கை கூடக் கூட சிவப்பு எழுத்தும் கூடும். ரிப்போர்ட்டில் வலது ஓரத்தில் அச்சாகும் 'இயல்பு அளவு' என்பது பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் நடுவில் உள்ள 95 சதவீதம் பேரின் அளவுதான். மீதி 5 சதவீதம் பேருக்கும் நோய் இல்லை. ஆனாலும் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்பார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகளைச் செய்தால், முழு ஆரோக்கியமானவருக்கும் குறைந்தது ஒன்று சிவப்பில் வருவதற்கான வாய்ப்பு 64 சதவீதம். இதை விளம்பரத்தில் யாரும் போடுவதில்லை.

இனி அத்தான் ரிப்போர்ட். பொட்டாசியம் 6.8. இயல்பு ஏறக்குறைய 3.5 முதல் 5 வரை. 6.8 என்றால் இதயத் துடிப்பே தடுமாறக்கூடிய அளவு. இரவு ஒன்பது மணிக்கு, மற்ற எண்களோடு இதுவும் ஒரு சிவப்பு எண்ணாக வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தது. நல்ல ஆய்வகத்தில் இப்படி ஓர் அளவு வந்தால் ரிப்போர்ட்டை அனுப்பும் முன்பே தொலைபேசியை எடுப்பார்கள். நாங்கள் வேலை பார்த்த காலத்தில் வார்டுக்குச் சொல்லி, கேட்டவர் பெயரையும் நேரத்தையும் நோட்டில் எழுதிவைப்போம். இங்கே ஓர் அழைப்பும் இல்லை.

நான் இரண்டு வரி கீழே போய்ப் பார்த்தேன். கால்சியம் 6.9, ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி 24; இரண்டும் இயல்புக்குக் கீழே. மூன்றையும் சேர்த்துப் பார்த்ததுமே ஆய்வகக்காரிக்கு மணம் தெரிந்துவிடும். ஊதா மூடிக் குழாய்க்குள் ரத்தம் உறையாமலிருக்க ஈ.டி.டி.ஏ. என்ற உப்பு தடவியிருப்பார்கள். அது பொட்டாசியம் உப்பு. கால்சியத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் வேலை செய்யத் துத்தநாகமும் மக்னீசியமும் வேண்டும், அவற்றையும் பிடித்துக்கொள்ளும். அந்த ரத்தம் கொஞ்சம், இந்த மூன்றையும் அளப்பதற்கான மஞ்சள் மூடிக் குழாய்க்குள் போனால் பொட்டாசியம் ஏறும், மற்ற இரண்டும் இறங்கும். அக்காவிடம் கேட்டேன். மஞ்சள் குழாயில் ரத்தம் குறைவாக இருந்தது என்று பையன் ஊதாக் குழாயைத் திறந்து கொஞ்சம் ஊற்றினான் என்றாள்.

ஆனாலும் அத்தானை அந்த இரவே பக்கத்து மருத்துவமனைக்கு அழைத்துப் போகச் சொன்னேன். அவர் ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டன் சாப்பிடுகிறார்; அந்த மாத்திரை உண்மையாகவே பொட்டாசியத்தை ஏற்றக்கூடியது. என் அனுமானத்தை நம்பி ஒருவரின் இதயத்தைப் பணயம் வைக்க முடியாது. ஈ.சி.ஜி. இயல்பாக இருந்தது. புதிதாக எடுத்த ரத்தத்தில் பொட்டாசியம் 4.6, கால்சியம் 9.2. வீட்டில் எல்லோரும் நள்ளிரவுவரை விழித்திருந்ததுதான் மிச்சம்.

எனக்கு மிகுந்த கோபம் வந்தது இந்த இடத்தில்தான். அந்த 6.8 உண்மை என்று அவர்கள் நினைத்திருந்தால் உடனே அழைத்திருக்க வேண்டும். பொய் என்று நினைத்திருந்தால் மாதிரியை நிராகரித்து வேறு ரத்தம் கேட்டிருக்க வேண்டும். இரண்டையும் செய்யவில்லை என்றால், கையெழுத்துப் போட்ட நோய்க்குறியியல் மருத்துவர் அந்தப் பக்கத்தைப் பார்த்தாரா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. இயந்திரத்தைக் குறை சொல்லமாட்டேன். வேலூர் சி.எம்.சி. நடத்தும் வெளித் தரக் கட்டுப்பாட்டுத் திட்டம் போன்றவற்றில் ஓர் ஆய்வகம் மாதம்தோறும் தேறலாம், ஆய்வகத் தரத்துக்கான என்.ஏ.பி.எல். சான்றிதழையும் சுவரில் மாட்டலாம். குழாய்க்குள் போனதைத்தான் இயந்திரம் அளக்கும்.

அக்கா ரிப்போர்ட் இதற்கு நேர் எதிர். எல்லாம் பச்சை. அதனால்தான் எனக்குக் கவலை. கிரியாட்டினின் 1.1, பக்கத்தில் இயல்பு அளவு 0.6 முதல் 1.2 வரை. கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றுவது. அக்கா மெலிந்த உடம்பு. இந்த வயதில் தசையும் குறைவு. முப்பது வயது ஆணுக்கு 1.1 என்றால் 2021 சூத்திரப்படி சிறுநீரக வடிகட்டும் திறன் 90-க்கு மேல் வரும். அதே 1.1-க்கு அக்காவின் வயதையும் பாலினத்தையும் போட்டுக் கணக்கிட்டால் ஏறக்குறைய 53. அறுபதுக்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய் என்ற கணக்கில் வரும். எண்பது வரிகளில் இந்த ஒரு வரி இல்லை. கொலஸ்ட்ராலுக்கு மூன்று விதமான விகிதம் போடத் தெரிந்தவர்களுக்கு, வயதும் பாலினமும் ரிப்போர்ட்டின் தலைப்பிலேயே இருந்தும், இதைப் போடத் தோன்றவில்லை.

அக்கா முழங்கால் வலிக்குக் கடையில் டைக்ளோஃபினாக் வாங்கி விழுங்குகிற பழக்கம் உள்ளவள். அது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது; சிறுநீரகம் தளர்ந்திருந்தால் முதலில் கேட்க வேண்டியது அந்த மாத்திரையைப் பற்றித்தான். பதிவுப் படிவத்தில் 'என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்' என்று ஒரு கட்டம் கூட இல்லை. இப்போது மாத்திரையை நிறுத்தியிருக்கிறாள். சிறுநீரில் ஆல்புமின் பார்த்துவிட்டு, மூன்று மாதம் கழித்துக் கிரியாட்டினினும் திரும்பப் பார்க்க வேண்டும் என்று எங்கள் மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

அந்தக் கட்டம் இல்லாததால் மருமகளுக்கும் ஒரு சிக்கல். தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். மிகக் குறைவு, தைராய்டு சுரக்கும் டி4 அதிகம். பார்த்தால் தைராய்டு மிகைச் சுரப்பு போலத் தெரிகிறது. இணையத்தில் தேடிவிட்டுப் பிள்ளை அழுதுகொண்டிருந்தாள். அவள் முடி உதிர்வுக்காக 10 மில்லிகிராம் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறாள். தைராய்டு பார்க்கும் இயந்திரங்களில் சில, பயோட்டினைக் கொக்கியாக வைத்துத்தான் அளக்கின்றன. ரத்தத்தில் ஏற்கெனவே அது நிறைய இருந்தால் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும், டி4 பொய்யாகக் கூடியும் தெரியும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-லேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. எங்கள் மருத்துவர் நாடி பார்த்தார், கை நடுக்கம் இல்லை, எடை குறையவில்லை என்று உறுதிசெய்தார். மாத்திரையை நிறுத்திவிட்டுச் சில நாள் கழித்து மீண்டும் ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்றார். எழுதும்போது அந்த முடிவு இன்னும் வரவில்லை.

அவளுக்கு உண்மையாக இருக்கும் குறை, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத இடத்தில் இருந்தது. ஹீமோகுளோபின் 10.2, சிவப்பணுவின் சராசரி அளவான எம்.சி.வி. 72, அணுக்களின் எண்ணிக்கை 4.5 மில்லியன். 72-ஐ 4.5-ஆல் வகுத்தால் 16. பதின்மூன்றுக்கு மேலே வந்தால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு, கீழே வந்தால் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறையின் கூறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது ஆய்வகத்தில் நாங்கள் மனக்கணக்காகப் போடுவது. முடிவு சொல்ல அது போதாது, உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்க்க வேண்டும். முடி உதிர்வதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 5.9, 'நீரிழிவுக்கு முந்தைய நிலை' என்று சிவப்பில் போட்டிருக்கிறார்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரையோ 92. இரும்புச்சத்து குறைந்தால் எச்பிஏ1சி சற்று உயர்ந்து காட்டும். இரும்பைச் சரிசெய்துவிட்டுத்தான் அந்த எண்ணை நம்ப வேண்டும்.

இலவச மருத்துவர் ஆலோசனை மறுநாள் மாலை தொலைபேசியில் வந்தது. பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார். மூன்று ரிப்போர்ட்டிலும் சிவப்பாக இருந்தவற்றை வரிசையாக வாசித்தார். மருமகளிடம் எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைக்கச் சொன்னார், அக்காவிடம் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார், கடைசியில் புற்றுநோய்க் குறியீடுகள் சேர்ந்த பெரிய தொகுப்புக்குத் தள்ளுபடி இருப்பதாகச் சொன்னார். மாதவிடாய், கர்ப்பம், கருப்பைக் கட்டி எதற்கும் ஏறக்கூடிய சி.ஏ. 125 என்ற குறியீட்டை அறிகுறியே இல்லாத பெண்ணுக்குப் பார்க்கச் சொல்வது எந்த மருத்துவம் என்று கேட்க நான் அந்த அழைப்பில் இல்லை.

மருத்துவர் எழுதிக்கொடுத்த நான்கைந்து பரிசோதனைகளை வீட்டிலிருந்தபடியே செய்துகொள்ள, நடக்க முடியாத முதியவர் வீட்டில் இருப்பவர்கள், இந்தச் சேவையைத் தாராளமாக அழைக்கலாம். எந்தக் குழாயையும் திறந்து இன்னொன்றில் ஊற்றவிடாதீர்கள். சாப்பிடும் மருந்துகளை ஒரு சீட்டில் எழுதி, முடிவைப் படிக்கப் போகும் உங்கள் மருத்துவரிடம் கொடுங்கள். 'எதற்கும் பார்த்து வைப்போம்' என்று தொகுப்பு வாங்குவதற்கு என் ஓட்டு இல்லை. ஐந்தில் இரண்டு நட்சத்திரம். இரண்டுமே ஊசி போட்ட கைக்கு.

வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். அத்தானுக்குக் கட்டிய ரூ.1,799-ஐத் திருப்பித் தருவதாகப் பதில் வந்தது. பணம் வேண்டாம், 'மாதிரி கலப்படமானது' என்று திருத்திய ரிப்போர்ட் தாருங்கள் என்று கேட்டேன். பணம் வந்துவிட்டது. ரிப்போர்ட் வரவில்லை.